கப்பல் வீட்டு அன்ரிக்கு

அன்ரி,

நேற்று மகளுக்குப் பல்வலி. கன்னத்தைப் பொத்திக்கொண்டு சோபாவில் சுருண்டு கிடந்தாள். டொக்டரிடம் பின்னேரம்தான் போகலாம். அதுவரை தாங்கட்டும் என்று கராம்பு எண்ணெய்ப் போத்தலைத் திறந்து பஞ்சில் விட்டேன். வாசனை குசினி முழுக்கப் பரவியது. பஞ்சைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். "அம்மா, கெதியா தாங்கோவன்" என்று அவள் உள்ளேயிருந்து கத்திய பிறகுதான் கால் நகர்ந்தது.

அந்த வாசனையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள். பம்பலப்பிட்டியில் நான் வேலை செய்த பல் கிளினிக்கின் நீலக் கதிரையில், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிச் சாய்ந்திருந்தீர்கள். உங்களை நான் முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரோடு இருந்தேன். எங்களுக்கு இருந்த இடத்தைவிட எங்கள் பெட்டிகளுக்கு இருந்த இடம் அதிகம். நகரத்தில் எங்காவது குண்டு வெடித்தால் அடுத்த நாள் பொலிஸ் எங்கள் கதவைத்தான் தட்டும். லொட்ஜ் முதலாளியும் வேறு இடம் பார்க்கச் சொல்லத் தொடங்கியிருந்தார்.

அன்று டொக்டர் உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். எச்சிலை உறிஞ்சும் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. நீங்கள் என் மணிக்கட்டை விடவேயில்லை. எல்லாம் முடிந்ததும் எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, டொக்டருக்கு ஆங்கிலத்தில் நன்றி சொன்னீர்கள். பிறகு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். கோபமா பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை. உங்கள் கணவரின் சிங்களப் பெயரால்தான் டொக்டர் உங்களை அழைத்தார். உங்களைச் சிங்களவர் என்றே நானும் நினைத்தேன்.

அடுத்த முறை காயத்தைக் காட்ட வந்தபோது, நான் எங்கே தங்கியிருக்கிறேன் என்று கேட்டீர்கள். சொன்னேன். "என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. விருப்பமென்றால் வந்து பார்" என்றீர்கள், ஆங்கிலத்தில், கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த டொக்டருக்குக் கேட்காத குரலில்.

கப்பல் வீட்டை வெள்ளவத்தையில் தெரியாதவர்கள் இல்லை. உள்ளே போனவர்களும் இல்லை. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையின் கடைசியில், ரயில் பாதைக்கு முன்னால், வளைந்த மூலைகளும் வட்ட யன்னல்களும் இரும்புக் கம்பி போட்ட பல்கனிகளுமாக, கரைக்கு வந்து தட்டி நின்ற பழைய கப்பல் மாதிரி நின்றது. உப்புக்காற்று சுண்ணாம்பைத் தின்றிருந்தது. கேட் எப்போதும் பூட்டியிருக்கும். ஒழுங்கை முகப்பில் இளநீர் விற்றவரிடம் வழி கேட்டபோது அவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்கயா போறீங்க தங்கச்சி? அதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு எங்களுக்கே தெரியாது. புது ஆளுங்கள எடுக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்கள சுத்தமா எடுக்க மாட்டாங்க."

உள்ளே சிவப்புச் சீமெந்துத் தரை முகம் பார்க்கும்படி மினுங்கியது. கதவுகளில் பித்தளைப் பெயர்ப் பலகைகள், எல்லாம் ஆங்கிலத்தில். கூண்டு போன்ற லிஃப்ட் ஒன்று, வேலை செய்யாமல், உள்ளே உட்கார ஒரு சின்ன வாங்கோடு நின்றது. எங்கும் சத்தமில்லை. கடல்கூட அந்தச் சுவர்களுக்குள் தணிந்துதான் கேட்டது.

கட்டடத்துக் குடியிருப்பாளர் சங்கச் செயலாளர் கீழ்த் தளத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத்துரை, சிங்களவர், மடிப்புக் கலையாத வெள்ளை நீளக் காற்சட்டை. புதிதாக வருகிறவர்கள் அவருடைய வரவேற்பறையில் தேத்தண்ணி குடித்துத்தான் உள்ளே போக வேண்டும். அவருக்குப் பிடிக்காவிட்டால் அந்தத் தேத்தண்ணியோடு சரி. அவர் என் பெயரைக் கேட்டார். ஊரைக் கேட்டார். "யாழ்ப்பாணம்" என்றதும் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார்.

"எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும், மெடம்" என்றார் உங்களிடம், ஆங்கிலத்தில். "இந்தக் காலத்தில் நாங்கள் பிரச்சினையை வீட்டுக்குள் அழைப்பதில்லை."

"அவள் என் வீட்டில் இருப்பாள். பொலிஸில் நானே பதிகிறேன். ஏதாவது வந்தால் என் தலையில்" என்றீர்கள். அவர் சற்று யோசித்துவிட்டு, கடல் பக்கம் உடுப்புக் காயப் போடக் கூடாது என்று மட்டும் எனக்குச் சொன்னார். நான் உள்ளே எடுக்கப்பட்டேன்.

ஏன் என்னை என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. நீங்கள் ஒன்றும் அன்பாகப் பழகவில்லை. ஆங்கிலத்தில் அளந்து பேசினீர்கள். நான் செருப்பு விடும் இடத்தைத் திருத்தினீர்கள். என் ஆங்கிலத்தையும் திருத்தினீர்கள். நான் அறைக்குள் ரேடியோவில் தமிழ்ச் செய்தி போட்டால் வந்து ஒலியைக் குறைப்பீர்கள். ஆனால் அணைக்க மாட்டீர்கள். கதவருகே நின்று, துணி மடிக்கிற சாட்டில், செய்தி முடியும்வரை போகவும் மாட்டீர்கள். செவ்வாய்க்கிழமைகளில் புறக்கோட்டைக்குச் சேலை பார்க்கப் போவதாகச் சொல்லிப் போவீர்கள். ஒரு சேலையும் வந்ததில்லை. சில நாள் நண்டுக்கறி வாசனையோடு வருவீர்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை டொக்டர் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். அங்கே பல்செட் செய்யும் ஒருவரிடம் அச்சுகளைக் கொடுத்துவிட்டு, தெருவோர மீன் கடைகளைக் கடந்து பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு பெண் மீன்காரனைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என்னா மீன்டா இது? நேத்து செத்ததா, போன பெருநாளைக்குச் செத்ததா? கண்ணப் பாரு அதுக்கு! என்னைய என்னா வெள்ளவத்தைப் பணக்கார நோனான்னு நெனச்சியா? நான் இந்தத் தெருவுல பொறந்தவ!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன்காரனும் சிரித்தான். சேலையை இடுப்பில் தூக்கிச் செருகி, கொண்டை அவிழ்ந்து, பாரை மீனொன்றை வாலில் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது நீங்கள்.

நீங்கள் திரும்பினீர்கள். என்னைக் கண்டீர்கள். கையிலிருந்த மீன் அப்படியே தொங்கியது.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் இருந்தும் நீங்கள் யன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் கதவைப் பூட்டினீர்கள். அந்த வெயிலில் யன்னல்களையும் சாத்தினீர்கள். பிறகு என் முன்னால் வந்து நின்று தமிழில் கேட்டீர்கள்.

"நீ மொதல்லயே தெரிஞ்சுகிட்டே தானே? பல்லு புடுங்கின அன்னைக்கு, 'மாதாவே நோகுதே'ன்னு கத்திட்டேன். நீ கேட்டும் கேக்காத மாதிரி நின்னே. டொக்டருக்கிட்டகூடச் சொல்லல. அதுக்குத்தானே உன்னையக் கூட்டியாந்தேன். இவ வாயத் தொறக்க மாட்டா, இவகூட ஒரு நாளைக்கு நாலு வார்த்தை கதைக்கலாம்னு."

"அன்ரி," என்றேன், "சத்தியமா எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. மெஷின் இரைஞ்சுகொண்டெல்லோ இருந்தது."

நீங்கள் என்னை முறைத்துப் பார்த்தீர்கள். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்து சிரிக்கத் தொடங்கினீர்கள். "அப்ப இவ்வளவு மாசமும் நான் சும்மா பயந்தேனா? நீ பேசுவேன்னு நான் பாத்துகிட்டிருந்தேன்டி!" நானும் சிரித்தேன். இரண்டு தமிழ்ப் பெண்கள் ஒரே வீட்டுக்குள் ஆளுக்காள் பயந்து மாதக்கணக்கில் ஆங்கிலம் பேசியிருக்கிறோம். அதுவும் என் ஆங்கிலம். சிரித்துச் சிரித்து உங்களுக்கு இருமல் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நான் உங்களை முதல்தடவை அன்ரி என்று கூப்பிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் என் கொழும்பு வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை. நான் வேலையால் வந்ததும் யன்னலைச் சாத்திவிட்டுத் தமிழைத் திறப்போம். "ஏன்டி உங்க யாழ்ப்பாணத்து ஆளுங்க எல்லாத்தையும் பாட்டு மாதிரி இழுக்குறீங்க?" என்று கேலி செய்வீர்கள். நான் உங்கள் 'என்னா'வைப் பகிடி பண்ணுவேன். துறைமுகத்தில் வேலை செய்த உங்கள் அப்பாவைப் பற்றியும், அந்தோனியார் கோயில் திருநாளுக்குத் தைத்த சட்டைகளைப் பற்றியும், உங்களைக் காதலித்துக் கட்டிய கப்பல் எஞ்சினியரைப் பற்றியும் சொன்னீர்கள். அவர் நீர்கொழும்புப் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர். உங்களிடம் தமிழ் கேட்டுக் கற்றுக்கொண்டு, அதையும் தவறாகவே பேசி, மாரடைப்பில் போய்விட்ட மனிதர்.

ஆனால் ஏன் இந்த ஒளிப்பு என்று மட்டும் நீங்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ஞாயிறு மழையில் நீங்களாகவே சொன்னீர்கள்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரம். உங்கள் கணவர் கடலில். தமிழரைத் தேடி ஆட்கள் கூட்டமாக ஒழுங்கைக்குள் வந்தார்கள். கேட்டடியில் செயலாளர் முன்னால் நின்றார். குடியிருந்த மற்றவர்கள் பின்னால். அவர்களில் நீங்களும் ஒருவர்.

"செக்ரட்டரி மாத்தயா சொன்னாரு, 'மெஹே தெமள கவுருத் நெஹெ'ன்னு. இங்க தமிழர் யாரும் இல்லேன்னு. அவரு தெரிஞ்சதைத்தான் சொன்னாரு. அதுல ஒருத்தன் என்னையக் காட்டி, 'அந்த நோனா சொல்லட்டும்'னான். நானும் சொன்னேன் மகள். இதே வாயால. நல்லாச் சத்தமாச் சொன்னேன்."

மழையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பக்கத்து வீட்டுல ஒரு டீச்சர் இருந்தாங்க. உங்க ஊருதான். மதிலுக்கு மேலால கறிவேப்பிலை குடுப்பாங்க. யாரும் பக்கத்துல இல்லாதப்ப எங்கூட தமிழ்லதான் கதைப்பாங்க. என் குரல் அவங்களுக்குத் தெரியும். அவங்க அப்ப மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னிருப்பாங்க தானே? நான் சொன்னது கேட்டிருக்கும் தானே?"

கூட்டம் கப்பல் வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனது. டீச்சர் குடும்பம் பின்கதவால் ரயில் பாதைப் பக்கம் ஓடியதாகச் சொன்னார்கள். வீடு எரிந்தது. அவர்களைப் பிறகு யாரும் காணவில்லை. "அதுக்கப்புறம் இந்தக் கட்டடத்துக்குள்ள எனக்குத் தமிழ் வாயில வரல. வந்தா அந்தம்மா கேப்பாங்க போல இருக்கும்" என்றீர்கள். நான் எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டேன்.

அடுத்த வருடம் நகரத்தில் ஒரு பெரிய குண்டு வெடித்தது. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸிலிருந்து என்னை இறக்கினார்கள். பொலிஸ் பதிவு இருந்தது, வேலை அட்டை இருந்தது, ஒன்றையும் அவர்கள் பார்க்கவில்லை. நிலையத்தில் ஒரு நீள வாங்கு. என்னைப் போன்ற பெண்கள் வரிசையாக, கைப்பைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம். சிலரை வேறெங்கோ கொண்டுபோக வண்டி வந்தது. வாங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிக்கொண்டு வந்தது. டொக்டர் வெளிநாட்டில். எனக்கென்று கேட்டு வர இந்த ஊரில் யாருமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கிலிருந்து நான் வரவில்லை என்று போன் வர, மத்தியானம் நீங்கள் தேடி வந்தீர்கள். கடல் நிறச் சேலை, முத்துத் தோடு, தேவாலயத்துக்குப் போகிற தோரணை. உங்களோடு செயலாளரும் வந்திருந்தார். கட்டடத்தின் பெயரில் பேச அவர் வேண்டும் என்று நீங்கள் போய்க் கூப்பிட்டிருந்தீர்கள். அவர் தன் காரிலேயே உங்களை அழைத்து வந்திருந்தார். அதிகாரி உங்கள் இருவருக்கும் எழுந்து நின்று மரியாதை செய்து கதிரை போட்டார். பேச்சு சிங்களத்தில் நடந்தது. பாதி எனக்கு விளங்கியது. மீதியை நீங்கள் பிறகு சொன்னீர்கள்.

வீட்டுக்காரி உறுதி சொன்னால் போதாது, இரத்த உறவு யாராவது வேண்டும், இல்லாவிட்டால் விசாரணைக்கு அனுப்புவோம் என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு தமிழ்ப் பெட்டைக்காக நோனா ஏன் இவ்வளவு சிரமப்படுகிறீர்கள்? இவள் உங்களுக்கு யார்?" என்று கேட்டார்.

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. செயலாளரையும் பார்க்கவில்லை.

"மகே நங்கிகே துவ" என்றீர்கள். என் தங்கையின் மகள்.

அதிகாரியின் பேனா நின்றது. "அப்படியென்றால் நோனா...?"

"ஓவ். மம தெமள." ஆம், நான் தமிழ்.

உங்களுக்குத் தங்கையே கிடையாது, அன்ரி. ஒரு பொய்யும் ஓர் உண்மையும் ஒரே மூச்சில் வந்தன. அந்த உண்மையைச் சொல்லும்போதுதான் உங்கள் குரல் உடைந்தது. வாங்கில் மிச்சமிருந்த பெண்கள் அனைவரும் தலைநிமிர்ந்து உங்களைப் பார்த்தார்கள்.

கதிரையில் இருந்தவரை இப்போது நிற்க வைத்தார்கள். மரியாதை போன இடம் தெரியவில்லை. பிறந்த இடம், அப்பா பெயர், அம்மா பெயர், ஏன் இவ்வளவு காலம் மறைத்தீர்கள், யார் யார் வந்து போகிறார்கள் என்று கேள்விமேல் கேள்வி. உங்களையும் வாங்கில் உட்காரச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். நீங்கள் நின்றபடியே பதில் சொன்னீர்கள். செயலாளர் தன் கதிரையிலிருந்து எழுந்து உங்களுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு உட்காரவேயில்லை. வெயில் சாயும் நேரத்தில் எங்களைப் போகச் சொன்னார்கள்.

செயலாளரின் காரிலேயே வீட்டுக்கு வந்தோம். கேட்டைத் திறந்து, காரை நிறுத்தி, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் அவர் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பெட்டியைக் கட்டுவோம் மகள்," என்றீர்கள் மேலே வந்து. "நாளைக்கே சொல்லிடுவாங்க."

ஆனால் பெட்டி கட்டவில்லை. மறுநாள் காலை நான் வேலைக்கு இறங்கிக் கீழ்ப் படிக்கு வந்துவிட்டேன். வானம் இருட்டியிருந்தது. மேலேயிருந்து, அந்த அமைதியான கட்டடம் முழுக்க எதிரொலிக்க, உங்கள் மீன்கடைக் குரல் இறங்கி வந்தது.

"ஏய் மகள்! கொடைய விட்டுட்டு எங்கடி போறே? மழை வரப் போவுது, என்னா கண்ணு தெரியலையா?"

எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. நான் மேலே பார்த்தேன். கைப்பிடிக் கம்பிக்கு மேலால் குனிந்து, குடையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சிரித்தீர்கள்.

செயலாளர் பல வாரங்கள் உங்களோடு பேசவில்லை. படியில் கண்டால் தலையசைத்துவிட்டுப் போவார். அடுத்த தளத்துக் கிழவி ஒருத்தி உங்களைக் கண்டால் கதவைச் சாத்தினாள். பிறகொரு பின்னேரம் செயலாளர் மேலே ஏறி வந்தார். வாசலிலேயே நின்றார். தொப்பி கையில்.

"மெடம், எண்பத்து மூன்றில் அந்தக் கேட்டில் நான் ஒரு வார்த்தை சொன்னேன்," என்றார் ஆங்கிலத்தில். "உண்மையைத்தான் சொன்னேன் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உண்மை சொல்வதற்குப் பெரிய துணிவு வேண்டியதில்லை. அன்றைக்கு நான் பொய் சொல்லியிருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது." தொப்பியை மறுகைக்கு மாற்றினார். "அது உங்களைக் காப்பாற்றியதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் நீங்கள் என்னிடம் சொல்லியிருக்கலாம்."

"நான் சொல்லியிருந்தா, அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லியிருப்பீங்களா?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் தமிழிலேயே கேட்டுவிட்டீர்கள். தோட்டத்தில் தொழிலாளரின் தமிழோடு வாழ்ந்த மனிதர். அவருக்கு விளங்கியது.

"தெரியாது," என்றார், தமிழில்.

அந்தப் பதிலுக்காகவே அவரை உங்களுக்குப் பிடித்துப்போனது என்று பிறகு சொன்னீர்கள். அவரை உள்ளே அழைத்தீர்கள். நான் தேத்தண்ணி போட்டேன்.

என் கலியாணத்துக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வர முடியவில்லை, யுத்தத்தால் பாதை மூடியிருந்தது. வெள்ளவத்தை மண்டபத்தில் பெண் வீட்டார் பக்கம் நீங்கள் நின்றீர்கள். சமையல்காரரோடு சண்டை பிடித்தீர்கள். மாப்பிள்ளை வீட்டார் உங்கள் தமிழைக் கேட்டு முழித்தார்கள். நான் தெஹிவளைக்குப் போன பிறகும் ஞாயிறுகளில் வந்தேன். யுத்தம் முடிந்தது. செயலாளர் கண்ணை மூடினார். கதவைச் சாத்திய கிழவியும் போனாள், அதற்கு முன் உங்களிடம் நண்டுக்கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு. கனடாவிலிருந்து யார் வந்தாலும் பக்கத்து வீட்டு டீச்சரைப் பற்றி விசாரித்தீர்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசிவரை தெரியவில்லை. அவர் உயிரோடு இருந்தாரா, உங்கள் குரல் கேட்டதா, கேட்டு உங்களை என்ன நினைத்தார் என்ற கேள்விகளோடுதான் போன வருடம் ஒரு மத்தியானத் தூக்கத்தில் போனீர்கள். அதற்கு என்னிடம் ஓர் ஆறுதலும் இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

இருப்பது ஒன்றுதான். என் கணவர் அடிக்கடி சிரிப்பார், "இது எந்த ஊர்த் தமிழப்பா? யாழ்ப்பாணத்தில தொடங்கிக் கொட்டாஞ்சேனையில முடியுது" என்று. கோபம் வந்தால், மீன் வாங்கினால், பஸ்ஸில் யாராவது இடித்தால், என் வாயிலிருந்து நீங்கள்தான் வருகிறீர்கள். எனக்கே தெரியாமல் மகளுக்கும் ஒட்டிவிட்டது. போன கிழமை அவளுடைய தமிழ் டீச்சர் கட்டுரையில் 'என்னா' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வெட்டி, 'என்ன' என்று திருத்தி அனுப்பியிருந்தார். கொப்பியை நீட்டி, பிழையா அம்மா என்று கேட்டாள்.

"பள்ளிக்கூடத்தில டீச்சர் சொன்ன மாதிரியே எழுது," என்றேன். "ஆனா அது பிழையில்லை. அது எங்கட வீட்டுச் சொல்லு. வெளியில நிண்டும் சத்தமாச் சொல்லலாம்."